மலைக் காற்றில் டவர் கூலர்: 2,500 ரூபாய்க்குள் போதுமா?

பெட்டட்டி, குன்னூர் | 3 டிசம்பர் 2024, இரவு 8.50

ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர் வாங்கியாச்சு. பெட்டியில கூலர் வரல. கோயமுத்தூர் கடையில "நீங்க குளிர் ஊருக்காரங்க, சின்னதா ஒண்ணு மாட்டினா போதும்"னு சொல்றாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர், மலையில காத்து மெலிசு, ஃபேன் கூலர் எடுபடாது, தண்ணி கூலர்தான் போடணும்னு சொல்றாரு. எது சரி? கையில 2,500 ரூபாய் இருக்கு. பாத்து வெச்சிருக்கறது டீப்கூல் ஏகே400. விவரத்துல 220 வாட்னு போட்டிருக்கு. கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி முழுக்க ரெண்டர் ஓடும். கேபினெட்டுக்குள்ள 160 மி.மீ உயரக் கூலர் வரைக்கும் அடங்கும்னு போட்டிருக்கு. ரேம் ரெண்டு குச்சி, லைட் எரியற வகை, 44 மி.மீ உயரம்.

லவ்டேல் | 3 டிசம்பர் 2024, இரவு 10.15

தண்ணீர் கூலர் வேண்டாம். இந்த பிராசசருக்கு நான்கு ஹீட் பைப் (சூட்டை மேலே கொண்டுபோகும் செப்புக் குழாய்), ஒரு 120 மி.மீ ஃபேன் உள்ள டவர் (தகடுகள் கோபுரம் மாதிரி நிற்கும் கூலர்) போதும். ஏகே400 அந்த வகைதான்: உயரம் 155 மி.மீ, ஃபேன் 500 முதல் 1,850 ஆர்பிஎம்.

காற்று மெலிசு என்பது உண்மை. குன்னூர் 1,850 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். அதனால் 220 வாட் கூலரை 176 வாட் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 7700எக்ஸ் சாக்கெட் வழியாக இழுக்கும் உச்சம் 142 வாட். அப்படியும் இடம் மிச்சம்.

லவ்டேல் | 4 டிசம்பர் 2024, காலை 7.05

ரேமை விட்டுவிட்டேன். 44 மி.மீ குச்சிதான் இந்த விலையில் வாங்குபவர்களுக்கு அதிகம் தொல்லை தருவது.

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு குச்சி என்றால் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். முதல் ஸ்லாட் காலியாக இருப்பதால் ஃபேனுக்கு ஒரு ஸ்லாட் அகலம் கூடுதலாகக் கிடைக்கும். பெரும்பாலும் அதிலேயே தப்பித்துவிடலாம். இரண்டே ஸ்லாட் உள்ள சின்ன போர்டில் அந்த வசதி கிடையாது. அங்கே ஃபேன் குச்சியின் மேல் இடித்தால் கம்பி கிளிப்பைக் கழற்றி ஃபேனை மேலே ஏற்றி மாட்டலாம். ஆனால் ஏற்றிய அளவு மொத்த உயரத்தில் சேரும். குச்சியைத் தாண்ட 8 மி.மீ ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபேனின் மேல் விளிம்பு கூலரின் உச்சியோடு சமமாக இருந்தால் 155 என்பது 163 ஆகிவிடும். உங்கள் கேபினெட் கதவு மூடாது.

160 என்று அட்டையில் அச்சிட்டிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பிராசசரின் மேல்தட்டிலிருந்து கண்ணாடி வரை ஒரு ஸ்கேலை நிறுத்தி அளந்து பாருங்கள். போர்டிலிருந்து அளக்க வேண்டாம்: பிராசசர் மேல்தட்டு அதிலிருந்து சுமார் 7 முதல் 8 மி.மீ உயரத்தில் இருக்கிறது. கூலரின் 155 மி.மீ பிராசசர் தட்டிலிருந்துதான் எண்ணப்படுகிறது.

கூடலூர் | 4 டிசம்பர் 2024, பகல் 1.20

லவ்டேல் அண்ணா, அந்த 80 சதவீதக் கணக்கு சரியில்லை. அது ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டால்தான். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடும். 18 டிகிரி குன்னூர் அறையை 32 டிகிரி கோவை அறையோடு வைத்துப் பாருங்கள். கோவையும் கடல் மட்டத்தில் இல்லை, 400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அப்புறம், அடர்த்தி குறைந்த அதே விகிதத்தில் வாட் குறையும் என்பதும் கிடையாது.

லவ்டேல் | 4 டிசம்பர் 2024, இரவு 9.30

கூடலூர்க்காரர் சொல்வது சரி. 176 வாட் என்று எழுதியதை எடுத்துவிடுங்கள், அது தப்பான கணக்கு. முறையாகப் போடுகிறேன்.

குன்னூரில் காற்றழுத்தம் சுமார் 81 கிலோபாஸ்கல். 18 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 0.97 கிலோ. கோவையில் அழுத்தம் சுமார் 96.5 கிலோபாஸ்கல், 32 டிகிரியில் 1.10 கிலோ. வித்தியாசம் 12 சதவீதம். 20 இல்லை.

ஃபேன் ஒரு சுற்றுக்குத் தள்ளுவது காற்றின் கொள்ளளவை, எடையை அல்ல. ஃபின் எனும் மெல்லிய தகடுகளின் இடுக்கு வழியாக நொடிக்கு 15 லிட்டர் போகிறது, பிராசசர் 100 வாட் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோவையில் அந்தக் காற்று உள்ளே போனதைவிட 6 டிகிரி சூடாக வெளியே வரும். குன்னூரில் 6.8 டிகிரி. ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை. ஃபின்னிலிருந்து காற்றுக்குச் சூடு தாவுவதும் கொஞ்சம் மந்தமாகும். அதற்கு இன்னும் ஒன்றரை, இரண்டு டிகிரி சேர்த்துக்கொள்ளலாம். சர்வர் அறைகளுக்கான ஆஷ்ரே வழிகாட்டியும் 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கும் உச்ச அறை வெப்பநிலையில் 1 டிகிரி கழிக்கச் சொல்கிறது. குன்னூருக்கு அது 3 டிகிரிக்குப் பக்கம், ஊட்டிக்கு நாலரை. இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன.

அறை 14 டிகிரி குளிர்ந்திருக்கிறது. மெல்லிய காற்று அதில் 3 டிகிரியைத் தின்கிறது. மிச்சம் 11 டிகிரி உங்களுக்கு லாபம். "காற்று மெலிசு, டவர் எடுபடாது" என்பது இதனால்தான் நிற்கவில்லை.

கடைக்காரர் சொன்ன "சின்னதே போதும்" என்பதும் முழுசாகச் சரியில்லை. 7700எக்ஸில் எட்டு கோரும் இருக்கும் சில்லின் பரப்பு சுமார் 70 சதுர மி.மீ. கட்டை விரல் நகத்தைவிடச் சின்னது. அதற்கு மேலே ஏஎம்5 (7700எக்ஸ் உட்காரும் சாக்கெட் வகை) பிராசசரின் உலோக மூடி தடிமனானது, பழைய ஏஎம்4 கூலர்கள் பொருந்துவதற்காக உயரத்தை அப்படி வைத்தார்கள். ஆக, சில்லிலிருந்து மூடியைத் தாண்டி வருவதற்குள்ளேயே வெப்பநிலை வித்தியாசத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. அந்தப் பகுதியைக் குளிர் ஊரும் மாற்றாது, பெரிய கூலரும் மாற்றாது. கூலர் ஆளக்கூடியது மூடிக்கு மேலே இருப்பதைத்தான்.

220 வாட் என்ற எண்ணையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கூலர் வாட்டுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை இல்லை. அகலமான சூட்டுக் கட்டையின் மேல் வைத்து அளந்த எண், 70 சதுர மி.மீ சில்லுக்குப் பொருந்தாது. ஒரே கம்பெனியின் இரண்டு கூலர்களில் எது பெரியது என்று பார்க்க அந்த எண் உதவும். வேறு எதற்கும் அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

கொடை | 5 டிசம்பர் 2024, காலை 10.40

ஒரு சந்தேகம். இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகிறதே இல்லை, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஹீட் பைப்புக்குள்ளும் தண்ணீர்தானே? மலைக்கு வந்தால் அது வேறு மாதிரி வேலை செய்யுமா? அப்புறம், கொஞ்சம் பணம் சேர்த்து இரட்டை டவரே வாங்கிவிட்டால் என்ன? தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இயும் 155 மி.மீ.தான்.

லவ்டேல் | 5 டிசம்பர் 2024, இரவு 8.10

செய்யாது. ஹீட் பைப் இரண்டு முனையும் மூடிய செப்புக் குழாய். செய்யும்போதே உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் விடுகிறார்கள். உள்ளே இருப்பது அந்தத் தண்ணீரின் ஆவி அழுத்தம் மட்டும். 40 டிகிரியில் அது 7 கிலோபாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே. அதனால் 40 டிகிரியிலேயே உள்ளே தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்த முனையில் படிந்து, குழாயின் உள்சுவரில் இருக்கும் திரி வழியாகத் திரும்பி வருகிறது. வெளியே கொடைக்கானலா கடற்கரையா என்பது குழாய்க்குத் தெரியாது. பருப்புச் சட்டி திறந்திருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

இரட்டை டவரில் ஆறு பைப், இரண்டு ஃபேன். நல்ல கூலர். ஆனால் 7700எக்ஸில் அது குறைக்கும் டிகிரி கொஞ்சம்தான், காரணம் நேற்றே எழுதியாயிற்று. அதில் கிடைப்பது அமைதி: அதே சூட்டை இரண்டு ஃபேன் மெதுவாகச் சுற்றித் தள்ளிவிடும். ரெண்டர் ஓடும் அறையிலேயே படுத்துத் தூங்குவதானால் சேர்த்துக் கொடுக்கலாம். இன்டெல் ஐ7 12700கே மாதிரி 190 வாட் வரை போகும் பிராசசர் என்றால் யோசிக்காமல் இரட்டை டவர். அங்கே சில்லு பெரியது, சூடு பரவலாக வெளியே வருகிறது, ஃபின் பரப்பு நிஜமாகவே தேவைப்படுகிறது.

பெட்டட்டி, குன்னூர் | 6 டிசம்பர் 2024, மாலை 6.00

ஒத்தை டவரே வாங்கறேன். சனிக்கிழமை கோயமுத்தூர் போறேன். அங்கயே மாட்டி எடுத்துட்டு வரலாமா, இங்க வந்து மாட்டலாமா?

லவ்டேல் | 6 டிசம்பர் 2024, இரவு 7.25

இங்கே வந்து மாட்டுங்கள். மேட்டுப்பாளையம் குன்னூர் வளைவுகளில் கேபினெட் நிமிர்ந்து நின்றபடி வந்தால் டவர் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டே ஆடும். அரைக் கிலோவுக்கு மேல் எடை, போர்டிலிருந்து 15 செ.மீ வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பிரேக்கிலும் அந்த எடை நான்கு ஸ்க்ரூவையும் போர்டையும் இழுக்கும். கம்பி கிளிப் நழுவி ஃபேன் கிராபிக்ஸ் கார்டின் மேல் விழுவது சாதாரணம்.

மாட்டியே கொண்டுவர வேண்டிய கட்டாயம் இருந்தால் கேபினெட்டைப் படுக்க வையுங்கள். கண்ணாடி மேலே, இரும்புக் கதவு கீழே. அப்போது போர்டு தரைமட்டமாகவும் டவர் மரம் மாதிரி நேராகவும் நிற்கும். பஸ் டிக்கியில் போடாமல் சீட்டில் வையுங்கள். ஊட்டி மசினகுடி இடையே கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி என்றால் கூலரைக் கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பேஸ்ட் (பிராசசர் மூடிக்கும் கூலர் தட்டுக்கும் நடுவில் தடவுவது) சிரிஞ்சைத் திறக்கும்போது கவனம். சிப்ஸ் பாக்கெட் மலை ஏறியதும் உப்பிக்கொள்கிறதே, அதே கதை. உள்ளே காற்றுக் குமிழ் மாட்டியிருந்தால் மூடியைத் திருகியதும் பேஸ்ட் தானாக வழியும். பிராசசருக்கு நேர் மேலே பிடித்துத் திறக்காமல் காகிதத்தின் மேல் திறங்கள்.

லவ்டேல் | 8 டிசம்பர் 2024, பகல் 11.00

மாட்டும் முறை. ஏஎம்5 போர்டுக்கு, நான்கு பைப் நேரடியாகத் தட்டில் தெரியும் வகைக் கூலருக்கு எழுதுகிறேன்.

முதலில் ஸ்வெட்டரைக் கழற்றுங்கள். மழை இல்லாத குளிர் நாட்களில் இங்கே பகல் காற்று வறண்டு கிடக்கிறது. கம்பளியோடு உராய்ந்தால் மின்னூட்டம் ஏறி, கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுள்ளென்கிறது. பவர் சப்ளையைக் கேபினெட்டில் மாட்டி, வயரைச் சொருகி, அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, அதன் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுத் தொட்டு வேலை செய்யுங்கள். பிளக்கில் எர்த் இருக்க வேண்டும்.

பிராசசருக்கு மின்சாரம் தரும் எட்டு முள் கேபிளை டவர் மாட்டுவதற்கு முன்பே சொருகிவிடுங்கள். அது போர்டின் மேல் இடது மூலையில் இருக்கிறது. டவர் ஏறிய பிறகு அங்கே விரல் போகாது.

சாக்கெட்டின் இரு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் பிடிகள் இருக்கும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி அவற்றை எடுங்கள். ஏஎம்5-இல் பின்தட்டு சாக்கெட் சட்டத்தோடு சேர்ந்திருப்பதால் விழாது. ஏஎம்4-இல் விழும், ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். கூலரோடு வரும் பின்தட்டு இன்டெல் போர்டுக்கானது, அதை எடுத்து வைத்துவிடுங்கள். கூலரோடு வரும் பிளாஸ்டிக் தாங்கிகளை வைத்து, அவற்றின் மேல் இரும்புப் பட்டைகளை வைத்து, பழைய துளைகளிலேயே இறுக்குங்கள்.

பேஸ்ட்: குளிரில் இது கெட்டியாகிவிடுகிறது. 8 டிகிரி அறையில் சிரிஞ்சை அழுத்தினால் புழு மாதிரி வரும், பரவாது. பத்து நிமிடம் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். கூலர் தட்டும் குளிர்ந்திருக்கும், மதிய வெயிலில் வேலை செய்வது நல்லது. பைப்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் நூல் அளவு பள்ளம் இருக்கும். பழைய ஏடிஎம் கார்டு விளிம்பால் அந்தப் பள்ளங்களை முதலில் பேஸ்ட்டால் நிரப்பி வழித்துவிடுங்கள். பிறகு பிராசசர் மூடியின் நடுவில் ஒரு பட்டாணி, நான்கு மூலைப் பக்கம் கடுகு அளவு நான்கு பொட்டு. ஏஎம்5 மூடியின் ஓரங்களில் வெட்டுகள் இருக்கின்றன, அங்கே சின்ன கெப்பாசிட்டர்கள் தெரியும். சாதாரண பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, அங்கே வழிந்தாலும் எரியாது. துடைப்பது மட்டும் சிரமம். அதனால் அளவோடு.

கூலர் தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். எத்தனையோ பேர் அதோடு மாட்டிவிட்டுக் கூலரைக் குறை சொல்கிறார்கள்.

ஃபேனைக் கழற்றி வைத்தால்தான் ஸ்க்ரூவுக்கு ஸ்க்ரூடிரைவர் எட்டும். கூலரை நேராக மேலிருந்து இறக்குங்கள். ஒரு ஸ்க்ரூவை இரண்டு மரை பிடிக்கும் வரை, பிறகு மறுபக்கம் இரண்டு மரை. இப்படி மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முழுசாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தட்டு சாய்ந்து பேஸ்ட் ஒரு பக்கமாகப் பிதுங்கும். ஸ்ப்ரிங் அடங்கி ஸ்க்ரூ தானாக நின்றதும் நிறுத்துங்கள்.

ஃபேன் ரேம் பக்கம், காற்று கேபினெட்டின் பின்பக்கம் போகும்படி. ஃபேனில் குறுக்குச் சட்டங்கள் தெரியும் பக்கம் காற்று வெளியேறும் பக்கம். அந்தப் பக்கம் ஃபின்னைப் பார்த்து இருக்க வேண்டும். வயர் சிபியு ஃபேன் என்று எழுதியிருக்கும் நான்கு முள் இடத்தில்.

லவ்டேல் | 8 டிசம்பர் 2024, மதியம் 2.45

மேலே ஒன்று சேர்க்க வேண்டும். ஏஎம்4-லிருந்து பழைய கூலரைக் கழற்றுபவர்களுக்கு: குளிரில் காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிடித்துக்கொள்ளும். நேராக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், முள் வளையும். கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் கனமான வேலையில் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, உடனே கூலரை இடம் வலமாகத் திருகித் திருகித் தூக்குங்கள்.

பெட்டட்டி, குன்னூர் | 15 டிசம்பர் 2024, இரவு 9.10

மாட்டிட்டேன். சினிபெஞ்ச் ஆர்23 டெஸ்ட் ஓட்டினா கொஞ்ச நேரத்துல 95 டிகிரி. ரூம் 16 டிகிரி! ஏதோ தப்பு பண்ணிட்டேனா? கழட்டட்டுமா?

லவ்டேல் | 15 டிசம்பர் 2024, இரவு 9.35

கழற்றாதீர்கள். 7700எக்ஸின் உச்ச வரம்பே 95 டிகிரி. வரம்பு தொடும் வரை வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும்படிதான் ஏஎம்டி அதை அமைத்திருக்கிறது. எண்ணைப் பார்த்துப் பயப்படாமல், அந்த 95-இல் எத்தனை வாட் ஓடுகிறது என்று பாருங்கள். சூட்டையும் வாட்டையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சிபியு பிபிடி என்ற வரி, பிராசசர் சாக்கெட் வழியாக இழுக்கும் வாட் அதுதான்.

95-இல் 130, 140 வாட் என்றால் கூலர் தன் வேலையைச் செய்கிறது. 95-இல் 90 வாட்டுக்கு மேல் ஏறவே இல்லை, டெஸ்ட் ஆரம்பித்த ஒரே நொடியில் 95 தொட்டது என்றால் பொருத்தம் சரியில்லை: தாள் உரிக்கவில்லை, தட்டு சாய்ந்திருக்கிறது, அல்லது ஸ்க்ரூ முழுசாக இறங்கவில்லை. ஃபேன் வேகத்தையும் அதே திரையில் பாருங்கள். 1,800 பக்கம் இருக்க வேண்டும்.

பெட்டட்டி, குன்னூர் | 15 டிசம்பர் 2024, இரவு 9.58

136 வாட். ஃபேன் 1,820.

லவ்டேல் | 15 டிசம்பர் 2024, இரவு 10.30

அப்படியானால் மாட்டியது சரி. இனி பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) எக்கோ மோடை, அதாவது மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை, தேடி 65 வாட் என்று வையுங்கள். பிபிடி 142-லிருந்து 88 வாட்டுக்கு இறங்கும். 7700 என்று எக்ஸ் இல்லாமல் விற்பது இதே எட்டு கோர்தான், அதே 88 வாட்டில்தான் ஓடுகிறது. ரெண்டர் நேரம் சில சதவீதம் கூடும். பதிலுக்கு 50 வாட் பக்கம் மிச்சம், ஃபேன் சத்தம் பாதிக்கு வரும், மழைக் காலத்தில் கரண்ட் போகும்போது யுபிஎஸ் கூடுதல் நேரம் தாங்கும். ராத்திரி முழுக்க ஓடும் வேலைக்கு இந்த ஒரு மாற்றம் இரட்டை டவரைவிட அதிகம் தரும். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அளக்கும்போது 16 டிகிரி அறையில் 70 என்று எழுதி வைக்காதீர்கள். 54 டிகிரி ஏற்றம் என்று எழுதுங்கள். பிராசசர் எண்ணிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்தால்தான் டிசம்பர் அளவையும் ஏப்ரல் அளவையும் ஒப்பிட முடியும். இந்த மலையில் எந்த மட்டமான கூலரும் ஜனவரியில் நல்ல பெயர் வாங்கிவிடும், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். தெர்மாமீட்டரைச் சுவரில் தொங்கவிடாமல் கேபினெட்டின் முன் ஃபேன் காற்று இழுக்கும் இடத்தில், ஒரு விரல் தள்ளி வையுங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு குறியுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் ஃபின் எல்லாம் இன்னும் சூடு ஏறிக்கொண்டிருக்கும், எண் பொய் சொல்லும்.

பெட்டட்டி, குன்னூர் | 4 ஜனவரி 2025, காலை 6.40

88 வாட்டுல அருமையா ஓடுது, சத்தமே இல்ல. ஆனா ரெண்டு நாளா விடிகாலையில ஆன் பண்ணா கறுப்புத் திரையில சிபியு ஃபேன் பிழை, எஃப்1 அமுக்குன்னு வருது. எஃப்1 அமுக்கினா ஓடுது. பத்து மணிக்கு மேல ஆன் பண்ணா வரதே இல்ல. ஃபேன் போச்சா அண்ணா?

லவ்டேல் | 4 ஜனவரி 2025, காலை 8.20

ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. விடியலில் அறை 6, 7 டிகிரி இருக்கும். பிராசசர் குளிர்ந்து கிடப்பதால் பயாஸ் ஃபேனை மிக மெதுவாகச் சுற்றச் சொல்கிறது. பேரிங்குக்குள் எண்ணெய் குளிரில் கெட்டியாகி இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. சில போர்டுகளில் 600 ஆர்பிஎம்முக்குக் கீழே போனால் ஃபேன் நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளும்படி எச்சரிக்கை வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஃபேன் 500 வரை இறங்கக்கூடியது.

பயாஸில் ஃபேன் வேகக் கீழ் வரம்பு என்ற இடத்தில் 200 வையுங்கள். எச்சரிக்கையை முழுசாக அணைக்க வேண்டாம். ஃபேன் நிஜமாகவே நின்றால் தெரிய வேண்டும். ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் வாரங்களில் குறைந்தபட்ச ஃபேன் அளவையும் 30 சதவீதத்துக்கு உயர்த்தி வைப்பது நல்லது.

ஃபேன் வளைவு, அதாவது எந்தச் சூட்டில் ஃபேன் எத்தனை சதவீத வேகம், எப்படி வைப்பது என்று கேட்பதற்கு முன்: 50 டிகிரி வரை 30 சதவீதம், 65-இல் 45, 75-இல் 65, 85-இல் 100. ஃபேன் வேகத்தைக் கூட்டும் தாமதத்தை மூன்று முதல் ஐந்து நொடி வையுங்கள். ரைசன் ஒரு கோப்பைத் திறந்தாலே பத்து டிகிரி துள்ளி இறங்கும். தாமதம் இல்லாவிட்டால் ஃபேன் ஓயாமல் விசிலடித்து அடங்கிக்கொண்டிருக்கும்.

கூடலூர் | 22 ஜூன் 2025, மாலை 5.15

எங்கள் பக்கம் மழை பிடித்துவிட்டது. தேவாலா, பந்தலூர் பக்கம் சுவரே வேர்க்கிறது. பைப் வெளியே தெரியும் கூலரில் செம்பு கறுத்துப்போகிறது. நிக்கல் பூசியதுதான் வாங்க வேண்டுமா? காற்றுக் கூலரில் தண்ணீர் படியுமா?

லவ்டேல் | 22 ஜூன் 2025, இரவு 9.00

ஓடும்போது படியாது. காற்றுக் கூலர் எதையும் அறையைவிடக் குளிராக்க முடியாது. தண்ணீர் படிய வேண்டுமானால் உலோகம் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். அது நடக்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த கேபினெட், காலையில் ஜன்னலைத் திறந்ததும் பனிமூட்டம் உள்ளே வருவது. குளிர்ந்த வண்டியில் வந்த கம்ப்யூட்டரை ஆள் நிறைந்த வெதுவெதுப்பான அறைக்குள் வைப்பதும் அதே மாதிரிதான். அப்போது இரண்டு மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள். மழை மாதங்களில் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட்டினால் உள்ளே ஈரம் தங்காது, போர்டில் பூஞ்சை பிடிக்காது.

கறுத்த செம்பு வெறும் மேற்பூச்சு, சூடு கடத்துவதில் தெரியும்படி ஒன்றும் குறையாது. தட்டில் பேஸ்ட் இருக்கும் இடத்துக்குக் காற்றும் போகாது. நிக்கலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பச்சையாகப் பொடி பூத்தால்தான் கவலை. அது தண்ணீர் சொட்டிய அடையாளம்.

இந்த ஊர்களில் ஃபின்னை அடைப்பது ஈரம் இல்லை. தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்களில் பறக்கும் மெல்லிய நாரும், விறகு அடுப்பு உள்ள வீடுகளில் பிசுபிசுக்கும் கரிப்படலமும்தான். நார் ஃபேனுக்கும் ஃபின்னுக்கும் நடுவில் கம்பளிப் போர்வை மாதிரி படியும், வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கிளிப்பை எடுக்க அரை நிமிடம். உலர்ந்த பெயின்ட் பிரஷ் போதும். ஃபேக்டரியில் மாதம் ஒரு தரம், வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு தரம். காற்று அடித்துச் சுத்தம் செய்வதானால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சும்மா சுழலவிட்டால் பேரிங் கெடும்.

கொடை | 24 ஜூன் 2025, காலை 9.30

கரிப்படலத்துக்கும் பழைய பேஸ்ட்டுக்கும் நீலகிரித் தைலம் நன்றாக எடுக்கிறது என்று இங்கே ஒருவர் சொன்னார். உண்மையா?

லவ்டேல் | 24 ஜூன் 2025, இரவு 7.50

எடுக்கும். ஸ்டிக்கர் பசைகூடப் போகும். ஆனால் பிராசசர் மூடியில் அதோடு நிறுத்தக் கூடாது. தைலம் எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுவிடும், புதுப் பேஸ்ட் அதன் மேல் சரியாக உட்காராது. தைலத்தால் துடைத்தால் அதற்கு மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் இரண்டு தரம், பஞ்சில் கறை வராத வரை. ஆல்கஹால் இருந்தால் தைலமே வேண்டாம். ஃபேன் இறக்கையிலும் தெளிவான பிளாஸ்டிக்கிலும் தைலம் படவே கூடாது. சில பிளாஸ்டிக் அதில் இளகி வெடிப்பு விடும்.

பெட்டட்டி, குன்னூர் | 25 ஜூன் 2025, இரவு 10.05

நேத்து கழட்டிப் பார்த்தேன். ஃபின் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இடது ஸ்க்ரூ கால் சுத்து லூஸ்.

லவ்டேல் | 25 ஜூன் 2025, இரவு 10.20

ஸ்ப்ரிங் அடங்கி நிற்கும் வரை திருகுங்கள், அதோடு விடுங்கள். கூலரைத் தூக்கவில்லை என்றால் பேஸ்ட் மாற்ற வேண்டாம். தூக்கியிருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், உடைந்த பழைய பேஸ்ட்டில் காற்றுக் குமிழ் புகுந்திருக்கும். பிறகு 88 வாட்டில் பத்து நிமிடம் ஓட்டி, டிசம்பரில் எழுதி வைத்த ஏற்றத்தோடு ஒப்பிட்டு எண்ணை இங்கே போடுங்கள்.

பெட்டட்டி, குன்னூர் | 26 ஜூன் 2025, இரவு 9.15

தூக்கல, திருகினது மட்டும்தான். டிசம்பர்ல ஏற்றம் 54, இப்ப 53. ரூம் 20 டிகிரி.

லவ்டேல் | 26 ஜூன் 2025, இரவு 9.40

ஒரு டிகிரி தெர்மாமீட்டர் பிழைக்குள் வரும். ஒன்றும் மாறவில்லை, அப்படியே ஓட்டுங்கள்.